சிங்காரியின் கூரை

மட்டாஞ்சேரி
பிப்ரவரி 4

அன்புள்ள, ஆனால் அநியாயத்துக்குப் பிடிவாதம் பிடிக்கிற கோவிந்த் மாமா,

உறையின் மேல் அனுப்புகிறவர் பெயர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ பிரித்திருக்கவே மாட்டாய். இப்போது பிரித்துவிட்டாய், மாட்டிக்கொண்டாய். போனில் பேசினால் "அப்புறம் பேசறேன்" என்று கட் பண்ணுவாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம்தான். ஆனால் கிழிப்பதற்கு முன் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒரு பார்வை பார்ப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா?

தவிர, என் போன் இப்போது அப்பாவின் அலமாரியில் சிறைவாசம். காரணம் கேட்காதே. சரி, கேள். அப்பாவின் போனில் அலாரத்துக்குப் பதிலாக என் குரலைப் பதிந்து வைத்தேன். "வெங்கிடேஸ்வரன் சார், கப்பல் கிளம்பியாச்சு, நீங்க எங்கே?" இருபத்தாறு வருஷமாக வில்லிங்டன் ஐலண்டில் கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிற மனிதர், பாவம், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாசல் வரைக்கும் ஓடினார். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிகிற வரைக்கும் போன் கிடையாது என்று தீர்ப்பு.

கடிதம் எழுதுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இந்த வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவோம்; தமிழ் எழுத்து வாசிக்க வருவது அம்மாவுக்கும் எனக்கும்தான். அம்மா உன்னைப் போலவே கோயம்புத்தூரில் படித்தவள். எனக்கு நீ உன் வாரப் பத்திரிகைத் துணுக்குகளை வைத்துக் கற்றுக்கொடுத்தாய். அப்பாவுக்கும் மாளு அக்காவுக்கும் மலையாள எழுத்து மட்டும்தான். உனக்கோ மூன்று வருஷம் இங்கே இருந்தும் மலையாளத்தில் ஒரு எழுத்து வரவில்லை, பஸ் போர்டைக்கூட என்னிடம் கேட்டுத்தான் ஏறுவாய். அப்பாவுக்கு இது தெரியாது, உனக்கு அது தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்! ஆகவே இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துவிட்டு நான் குளிக்கப் போகலாம். இதைவிடப் பெரிய பூட்டு உண்டா?

இப்போது விஷயம். விஷயம் தலைக்கு மேல் இருக்கிறது. நிஜமாகவே தலைக்கு மேல்.

நீ போன பிறகு நம் பழைய கிரீம் கலர் காருக்கு நான் பெயர் வைத்துவிட்டேன்: சிங்காரி. மாளு அக்காவைவிட ஒரு வயது மூத்த அந்த வண்டி, ஜனவரி இரண்டாம் தேதி பாலத்தில் ஏறும்போது மேல்கூரைத் தகரம் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது அல்லவா, அது இன்னும் நிற்கவில்லை. நாற்பதில் போனால் செண்டைக்காரர்களின் சிங்காரி மேளம். ஐம்பதில் போனால் பூரத் திருவிழா. அந்தத் தகரத்தால் வந்த தகராறுதான் இன்றைக்கு நீ அங்கே, நாங்கள் இங்கே. "ஆராக்கும் இதுமேலே பாரம் வெச்சது?" என்று அப்பா கேட்டதும், நீ தரையைப் பார்த்துக்கொண்டு "எனக்குத் தெரியாது அத்திம்பேர்" என்றதும், "பொய் சொல்லாதே கோவிந்தா. லீவு முழுக்க வண்டி உன் கையிலதானே இருந்தது? இனிமே என் வண்டியிலே கை வைக்காதே" என்று அவர் கத்தியதும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. நீ சாவியைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் காக்கநாட்டு வேலையையும் விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அப்பா பெரிய கோபக்'கார்'தான். ஆனால் நீயும் சின்ன வண்டி இல்லை.

ஏப்ரல் 21 மாளுவின் கல்யாணம். மாலை மாற்றும்போது கல்யாணப் பெண்ணைத் தோளில் தூக்கவேண்டியது தாய்மாமன். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது நீ ஒருத்தன்தான். நீ வராவிட்டால் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணா சங்கர்ராம் மாமா தூக்குவாராம். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, இடுப்பில் பெல்ட். மாளுவுக்கு நேற்று கூறைப்புடவை வந்தது, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்தாள். கார்க் கூரை ஆடினதில் கல்யாணக் கூறை அலமாரியில்.

எனக்குத் தோன்றுகிறது: சத்தம் நின்றால் அப்பாவின் கோபமும் நிற்கும். ஒவ்வொரு நாளும் ஆபீஸ் போகும்போது அது அவர் தலைக்கு மேல் உன் பெயரைச் சொல்லித் தட்டுகிறது. நீ இப்போது அங்கே பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். தகரத்தோடு பேசத் தெரிந்தவன். எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் சொல்.

உன் வாலு,
அஞ்சனா

கோயம்புத்தூர்
பிப்ரவரி 10

அஞ்சு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

உன் அப்பா கார், உன் அப்பா கூரை. அதில் நான் கை வைக்கக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நோய் எங்கே என்று பார்க்கவேண்டும். கூரை என்பது ஒற்றைத் தகடு இல்லை. வெளியே தெரியும் தகட்டுக்குக் கீழே, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை குறுக்காக இரண்டு மூன்று சட்டங்கள் போகும். தகடும் சட்டமும் உரசாமல் இருக்க நடுவே மெத்தென்று ஒரு பசை வைத்திருப்பார்கள். வருஷம் ஆக ஆக அது காய்ந்து பொடியாகும். அல்லது மேலே பாரம் ஏறினால் பிடி விட்டுப்போகும். பிறகு காற்று அடித்தால் தகடு எழும்பிச் சட்டத்தின் மேல் விழும். அதுதான் உன் சிங்காரி மேளம்.

உன் அப்பா ஓட்டும்போது நீ பின்னால் உட்கார்ந்து உள்கூரைத் துணியை உள்ளங்கையால் மேலே தாங்கிப் பிடி. எந்த இடத்தில் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் பசை போயிருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் வெளியிலிருந்தும் மெல்லத் தட்டிப் பார். தட்டு என்றால் தட்டு. உன் பாணியில் குத்தாதே.

கல்யாணத்துக்கு வருவது பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மாளுவிடம் நான் கேட்டதாகச் சொல். சங்கர்ராம் அண்ணா நல்ல மனிதர்.

அலாரம் விஷயம் தப்பு. அவர் பயந்துபோயிருப்பார். இருந்தாலும் பட்டறையில் பத்து பேருக்கு நடுவில் நான் சிரித்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கோவிந்த்

மட்டாஞ்சேரி
பிப்ரவரி 17

கோவிந்த் மாமா,

பரிசோதனை முடிந்தது. நோயாளி உயிரோடு இருக்கிறாள், டாக்டருக்குத்தான் கை வலி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோப்பும்படிக்குப் போகும்போது பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் கூரைக்குக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எந்தாடி இது, யாரைக் கும்பிடறே?" என்றார். "தகரத்தை சமாதானப்படுத்தறேன் அப்பா" என்றேன். பின் சீட்டுக்கு நேர் மேலே, நடுச் சட்டத்தில் பிடித்தால் சத்தம் கப்சிப். கையை எடுத்தால் மறுபடி பூரம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடம் லேசாகக் குழிந்திருக்கிறது, சாம்பார் ஊற்றுவதற்கு வசதியாக.

இனிமேல் எழுதப்போவதை நீ நின்றுகொண்டு வாசிக்காதே. உட்கார்.

அந்தக் குழியைச் செய்தது நான்.

ஜனவரி ஒண்ணாம் தேதி கார்னிவல் ஊர்வலம் பார்க்க என்னையும் என் வகுப்புத் தோழிகள் நான்கு பேரையும் போர்ட் கொச்சிக்கு நீதானே கூட்டிப்போனாய். கூட்டத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். நீ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போனாய். யானை வருகிறது என்று யாரோ கத்தினார்கள். நான்தான் முதலில் ஏறினேன். பிறகு மற்ற நான்கு பேர். மேளம் பக்கத்தில் வந்ததும் ஆடினோம். "டொப்" என்று கூரை கீழே போனது. குதித்து இறங்கினோம். உள்ளே போய் நான் முதுகால் முட்டினேன், "டொப்" என்று மேலே வந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நீ கையில் எனக்கு ஒரு பழம்பொரியோடு திரும்பி வந்தாய். மாமா, அந்தப் பழம்பொரியை நான் சாப்பிட்டேன்.

மறுநாள் அப்பா கேட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் உன்னைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிஷம் தாமதித்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் இப்போது ஆறு வாரம் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை என்று நினைக்காதே. முந்தாநாள் சொன்னேன். "அப்பா, கார் மேலே ஏறினது மாமா இல்லை, நான்தான்." அப்பா என்னைப் பார்த்தார். "மாமனைக் காப்பாத்தப் பொய் சொல்றியா? மனசு நல்ல மனசுதான்" என்று தலையில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பின மனிதர், ஒரே ஒரு உண்மையை நம்பவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை மாமா. எழுதும்போதுகூட வரவில்லை.

திட்டி ஒரு கடிதம் எழுது. பக்கம் பக்கமாக எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அஞ்சனா

மட்டாஞ்சேரி
மார்ச் 2

மாமா,

இரண்டு வாரமாகப் போஸ்ட்மேன் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

சங்கர்ராம் மாமா நேற்று வந்து ஒத்திகை பார்த்தார். மாளுவுக்குப் பதிலாக ஒரு அரிசி மூட்டை. முட்டி வரைக்கும் தூக்கினார். அப்புறம் மூட்டை கீழே, அவர் சோபாவில், அம்மா வெந்நீர்ப் பையோடு. மாளு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஒரு வரி போதும். 'குரங்கு' என்று ஒரு வார்த்தை போதும்.

அஞ்சு

கோயம்புத்தூர்
மார்ச் 8

குரங்கே,

இதில் இரண்டு தாள் இருக்கிறது. முதல் தாள் தோப்பும்படியில் கார் பட்டறை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய்க்கு. தென்காசிக்காரர், தமிழ் வாசிப்பார். அவரிடம் கொடு. இரண்டாம் தாள் உனக்கு. வாசித்துவிட்டுக் கிழித்துப் போடு.

முதல் தாள்:

இஸ்மாயில் பாய், கோவிந்த் எழுதுகிறேன். கூரையில் திருகாணியோ ரிவெட்டோ அடித்துவிடாதீர்கள். அடித்தால் ஜூன் மாசம் தலையில் மழை ஒழுகும். கதவு ரப்பர், வெயில் மறைப்பு, உள் விளக்கு எல்லாவற்றையும் கழற்றி, உள்கூரைத் துணியைக் கிழியாமல் பின்பக்கம் வரைக்கும் இறக்குங்கள். நடுச் சட்டத்தின் மேல் காய்ந்துபோன பழைய பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பாடி சீலண்ட் விடுங்கள். கல் மாதிரி இறுகுகிற ரகம் வேண்டாம். ரப்பர் மாதிரி நிற்கிற ரகம்தான் வேண்டும். இல்லையென்றால் வெயிலில் தகடு விரியும்போது மேலே கோடு கோடாகத் தெரியும். நிறைய விடவேண்டாம், விட்டு விட்டுப் பொட்டு வைத்தால் போதும். பிறகு மேலே தலையணை போட்டு, அதன் மேல் பரவலாகக் கொஞ்சம் பாரம் வைத்து ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

இரண்டாம் தாள்:

அஞ்சு, இரண்டு வாரம் ஏன் எழுதவில்லை என்றால், முதல் வாரம் உன் மேல் கோபம். உன்னால் நான் அங்கே நின்று பேச்சு வாங்கினேன், நீ தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம் நியாயமான கோபம். அதற்கு உனக்கு மன்னிப்பு கிடையாது. பழம்பொரியும் இனிமேல் கிடையாது.

இரண்டாம் வாரம் என் மேலேயே வெட்கம். ஏனென்றால் அத்திம்பேர் "பொய் சொல்லாதே" என்றபோது நான் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் முப்பதாம் தேதி, மட்டாஞ்சேரியில் பழைய சாமான் கடையில் மாளுவுக்கு ஒரு மரப்பெட்டி பிடித்தேன். பித்தளைப் பூண் போட்டது, பூ வேலை செய்தது. கல்யாணப் பரிசு. யாருக்கும் தெரியக்கூடாது என்று காரின் கூரைமேல் கயிற்றால் கட்டி, தோப்பும்படிக்குப் பாலிஷ் போடக் கொண்டுபோனேன். நான்கு பேர் தூக்கி வைத்த பெட்டி. கட்டும்போதே தகடு முனகியது. கேட்டும் கேட்காததுமாக இருந்துவிட்டேன். சத்தம் வந்ததும் நான்தான் காரணம் என்று நினைத்தேன். சொன்னால் பெட்டியையும் சொல்லவேண்டும். அதனால் தெரியாது என்றேன். உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நான் மட்டும் குற்றவாளி இல்லை என்று தெரிந்தது. அதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், அதுவும் வெட்கம்தான்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் உண்டு. மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நானும் அவரும் சேர்ந்து கழுவிய வண்டி. அவர் சோப்பு போடுவார், நான் தண்ணீர் அடிப்பேன். ஒன்றும் பேசமாட்டோம். எனக்கு அந்த வீட்டில் அதுதான் பிடித்த ஒரு மணி நேரம். "கை வைக்காதே" என்று அவர் சொன்னது வண்டியைத்தான். எனக்கு வீட்டையே சொன்ன மாதிரி இருந்தது. அவராகக் கூப்பிடாமல் நான் வரமாட்டேன். நீ போய்ச் சொல்லிக் கூப்பிட வைப்பதும் வேண்டாம்.

கோவிந்த்

மட்டாஞ்சேரி
மார்ச் 18

கோவிந்த் மாமா,

உட்கார்ந்துகொண்டாயா? இந்த முறை படுத்துக்கொண்டே வாசித்தாலும் சரி.

நான் இரண்டு தாளையும் அதே உறையில் வைத்து, அந்த உறையைக் காரின் டாஷ்போர்டு அறையில் வைத்திருந்தேன். அதைவிடப் பத்திரமான இடம் உண்டா, தமிழில் எழுதியது ஆயிற்றே! சனிக்கிழமை எனக்குப் பரீட்சை. அப்பாவே வண்டியைத் தோப்பும்படிக்கு எடுத்துக்கொண்டு போனார். காலையில் இஸ்மாயில் பாய்க்கு அம்மாவின் போனிலிருந்து, "பாய், எப்படிச் செய்யணும்னு எழுதி உள்ளேயே வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு பரீட்சைக்குப் போய்விட்டேன். முதல் தாளை மட்டும் எடுத்து வைத்திருக்கவேண்டும் என்ற எண்ணம் வேதியியல் மூன்றாம் கேள்வியில் வந்தது.

யூனிபாரத்தோடு நேராக பஸ் ஏறிப் போனேன். பட்டறையில் அப்பா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். இஸ்மாயில் பாய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். "...மேலே பாரம் வைத்து ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்." தாளைத் திருப்பினார். அடுத்த தாளை எடுத்தார். உள்ளுக்குள் கொஞ்சம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இதுல ரிப்பேர் ஒண்ணும் இல்ல. குடும்ப விஷயமா இருக்கு. வாசிக்கட்டுமா, வேண்டாமா?"

"பாய், வேண்டாம்!" என்று நான் வாசலிலிருந்தே கத்தினேன்.

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாசிங்கோ" என்றார்.

எல்லாவற்றையும் வாசித்தார், மாமா. தூண், பழம்பொரி, பெட்டி, வெட்கம் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுகிற இடம் வந்ததும் பாயின் குரல் ரேடியோவிலிருந்து இறங்கிவிட்டது. "நீங்க சோப்பு போடுவீங்களாமே சார்" என்று மட்டும் சொன்னார். அப்பா டயரைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ நீ சொன்னது நிஜமாக்கும்?" என்றார். "நிஜம் அப்பா." "பின்னே ஏன் பொய் சொல்ற மாதிரி சொன்னே?" என் முகமே அப்படி.

கதை இங்கே முடியவில்லை. பாய் உள்கூரைத் துணியை இறக்கினார். நடுச் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டவர், "சார், இங்க ஏற்கெனவே யாரோ வைத்தியம் பார்த்திருக்காங்க" என்று எதையோ இழுத்து எடுத்தார். எட்டாக மடித்த ஒரு காகிதம். அதோடு வெட்டிய ஒரு துண்டு நீலநிற ரப்பர் செருப்பு. பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்னிவல் நோட்டீஸ், மலையாளத்தில். அப்பா அந்தச் செருப்புத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் காது சிவந்ததை நான் என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன்.

"என் செருப்பு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நோட்டீஸைக் காட்டினேன். அம்மா சிரித்த சிரிப்பில் சங்கர்ராம் மாமாவின் வெந்நீர்ப் பை இவளுக்குத் தேவைப்பட்டது. "அந்த வருஷம் யானை பார்க்கணும்னு நீ ஒரே அழுகை. உனக்கு நாலு வயசு. உங்கப்பாதான் உன்னைத் தூக்கிண்டு கார் மேலே ஏறி நின்னார். வேட்டியை மடிச்சுக் கட்டிண்டு! தகரம் உள்ளே போச்சுன்னு எங்கிட்டே மூச்சு விடலையே!" அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

ஆக, மாமா, ஒரு கூரை, மூன்று திருடர்கள். மூத்த திருடர்தான் இளைய திருடனைத் துரத்திவிட்டார். கடைக்குட்டித் திருடி தூணுக்குப் பின்னால். அவர் அடைத்து வைத்த செருப்பு பன்னிரண்டு வருஷம் தாங்கியது. உன் பெட்டி அதை அசைத்தது, என் ஆட்டம் அதை நகர்த்தியது, அவ்வளவுதான்.

சீலண்ட் நீ சொன்ன மாதிரியே பொட்டுப் பொட்டாக வைத்தாயிற்று. மேலே இரண்டு தலையணை, அதன் மேல் பாரத்துக்கு சங்கர்ராம் மாமாவைத் தோற்கடித்த அதே அரிசி மூட்டை, பாதியாக்கிப் பரப்பி. நான் படுத்துக்கொள்கிறேன் என்றேன், பாய் விடவில்லை. "நீ ஏறினது போதும் தாயி." மறுநாள் துணியை மாட்டும்போது நானும் கூட இருந்து உதவி செய்தேன். ரொம்ப உதவி செய்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

இப்போது சிங்காரி ஊமை. அறுபதில் போனாலும் சத்தம் இல்லை. அப்பாவும் அதே மாதிரி ஊமை. மூன்று நாளாக ஒரு வார்த்தை இல்லை. நீ சொன்னபடி நான் எதுவும் கேட்கவில்லை, சத்தியம். ஆனால் இன்று காலை இட்லியைப் பார்த்துக்கொண்டே, "கோயம்புத்தூருக்கு எத்தனை மணி நேரம்?" என்று பொதுவாகக் கேட்டார். அம்மா உடனே கடுமாங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் போட ஆரம்பித்தாள்.

உன் வாலு (தற்சமயம் சுருட்டி வைக்கப்பட்டது),
அஞ்சனா

கோயம்புத்தூர்
மார்ச் 24

அஞ்சு,

இந்தக் கடிதத்தை உன் அப்பா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பூட்டு எவ்வளவு பத்திரம் என்று நீயே பார்த்துவிட்டாய். பரவாயில்லை.

நேற்று மதியம் பட்டறைக் கேட்டில் கிரீம் கலர் கார் வந்து நின்றது. அத்திம்பேர் இறங்கினார். கையில் ஊறுகாய் பாட்டில். "வண்டி லாங் ஓடுமான்னு பார்க்க வந்தேன்" என்றார். இருநூறு கிலோமீட்டர் பார்த்துவிட்டார். "நல்லா ஓடித்தா?" என்றேன். "ஓடித்து" என்றார். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. சாயா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். டம்ளரைப் பார்த்தார். நான் அவர் டம்ளரைப் பார்த்தேன். கடைசியில் "வா, ஒரு ரவுண்டு போகலாம்" என்று எழுந்தார். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில்.

அவிநாசி ரோட்டில் சத்தமே இல்லை. இஸ்மாயில் பாய் கைக்கு மோதிரம் போடலாம். அத்திம்பேர் அடிக்கடி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார், கேட்டாயா, கேட்டாயா என்கிற மாதிரி. கேட்பதற்கு ஒன்றும் இல்லாததைத்தான் கேட்கவேண்டும். எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் என்றிருந்தது. அப்போது ஒரு வேகத்தடை. சரியாக எங்கள் இருவர் தலைக்கும் நடுவில், கலகலகல.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "அந்த இஸ்மாயில்..." என்று ஆரம்பித்தார். "இது தகரச் சத்தம் இல்லை அத்திம்பேர், விதைச் சத்தம்" என்றேன். "எந்தா?" "ஏதோ உருளறது." ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். ஊறுகாயோடு உன் அம்மா வைத்திருந்த ஸ்பூன் காம்பால் நான் வெயில் மறைப்பை நெம்ப, அவர் துணியைப் பிடித்துக்கொள்ள, அரை மணி நேரம். "மெள்ள, மெள்ள, கிழிச்சுடாதே." "நீங்க அந்தப் பக்கம் பிடியுங்கோ." "பிடிச்சிண்டுதான் இருக்கேன், உனக்குக் கண் இல்லையா?" ஜனவரிக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு பேசியது அப்போதுதான்.

கிடைத்தது ஒரு தீப்பெட்டி. உள்ளே குன்றிமணி மாதிரிச் சிவப்பாகப் பதினொரு மஞ்சாடிக்குரு. அவற்றைச் சுற்றியிருந்து, இருநூறு கிலோமீட்டர் குலுக்கலில் அவிழ்ந்துபோன ஒரு துண்டுக் காகிதம். மேல் வரி மலையாள எழுத்தில், கீழ் வரி தமிழ் எழுத்தில்.

என்னால் மேல் வரி வாசிக்க முடியாது. அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாய் மாதிரியே சத்தமாக வாசித்தார்: "கோவிந்தா, தப்பு என் மேலதான். நீ வந்து தூக்கினாத்தான் என் பொண்ணுக்குக் கல்யாணம். வா."

வாசித்து முடித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. காகிதத்தை முறைத்தார். "இது நான் எழுதினது இல்லை" என்றார்.

"ஆனா சொன்னது நீங்கதானே?" என்றேன்.

அவர் காகிதத்தை என்னிடம் நீட்டி, "கீழே என்ன போட்டிருக்கு?" என்றார். நான் யோசிக்காமல் வாசித்துவிட்டேன், அவர் விழுந்த அதே பொறியில் விழுந்த முட்டாள்: "அத்திம்பேர், நானும் பொய் சொன்னேன். தப்புதான். வரேன்."

புளியமரத்தடியில் இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீ கொஞ்சமாவது யோசித்தாயா? ஒரு லாரி டிரைவர் நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று கேட்டார். "ரிப்பேர் முடிஞ்சது" என்று உன் அப்பா சொன்னார்.

துணியைத் திரும்ப மாட்டும்போது பத்துக் குருவை என்னிடம் கொடுத்தார். ஒன்றை மட்டும் கூரைக்குள்ளேயே போட்டார். "கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்" என்றார்.

பெட்டி தோப்பும்படியில் பாலிஷ் முடிந்து தயாராக இருக்கிறது. அங்கே வந்ததும் அதை இந்த முறை லாரியில் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். மாளுவைக் கூறைப்புடவையைப் பிரித்துப் பார்க்கச் சொல். சங்கர்ராம் அண்ணாவுக்கு இடுப்பு ஓய்வு. உன் பழம்பொரித் தடை ஏப்ரல் 22 முதல் நீங்குகிறது; அதற்கு ஒரு நாள் முன்னால் கேட்டாலும் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. உன் அப்பா இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பதற்கு முன்னால் தோப்பும்படியில் வண்டியை நிறுத்துவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால், இஸ்மாயில் பாய், இதை இப்போது வாசித்துக்கொண்டிருப்பது நீங்கள் என்றால், ரேடியோ குரலில் இந்த வரியை மட்டும் அவருக்குச் சத்தமாக வாசியுங்கள்:

அத்திம்பேர், ஏப்ரல் பத்தொன்பது காலையில் எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துண்டு வாங்கோ. திரும்பி வரும்போது ஓட்டுறது நான். ஞாயிற்றுக்கிழமை சோப்பு நீங்க.

கோவிந்த்